கழுகுக்கு நட்ட கம்பம்

அந்தக் கம்பத்தை அறுத்தது நான்தான். பட்டப்பகலில் அறுத்தேன். என் கணவன் க்ளெல் தன் கையால் குழி தோண்டி நட்ட கம்பம் அது. அவன் வாங்கிப் போட்ட மெஷினை வைத்தே அறுத்தேன். எங்கள் ஊரில் இதைப் பற்றி மூன்று கதைகள் உலவுகின்றன. துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பது ஒன்று. ஜல்லிக் கம்பெனிக்காரன் காசு கொடுத்து அறுக்கச் சொன்னான் என்பது இன்னொன்று. மூன்றாவதை என் காதுபடச் சொல்ல இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

மூன்றும் பொய். நடந்தது இதுதான்.

அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தின் மேற்குப் பக்கம், மலைகள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற இடத்தில் டாகர்ட் சமவெளி இருக்கிறது. முழங்கால் உயர சேஜ் புதர்கள் அடிவானம்வரை சாம்பல் பூத்துக் கிடக்கும். மழை பெய்தால் வெளி முழுவதும் மருந்து அரைத்த அம்மி மாதிரி மணக்கும். நடுவே புதரே முளைக்காத ஒரு மொட்டைத் தரை. அதைத்தான் ஆட்டக்களம் என்போம். மார்ச்சில் பனி இளகத் தொடங்கியதும் புதர்க்கோழிச் சேவல்கள் இருட்டோடு இருட்டாக அங்கே வந்து சேரும். வாலை முள்விசிறியாக விரித்து, வெள்ளை மார்பிலிருந்து இரண்டு மஞ்சள் பைகளை ஊதி வெளியே தள்ளி, தண்ணீர்க் குடம் கொப்பளிப்பது போல ஒரு சத்தம் எழுப்பும். பெட்டைகள், துணிக்கடையில் எதுவுமே பிடிக்காதவர்கள் போல அவற்றுக்கு நடுவே நடக்கும். ஆண்டுதோறும் இதே தரையில்தான். பக்கத்திலேயே ஆயிரம் ஏக்கர் கிடந்தாலும் இங்கேதான் ஆடும்.

வசந்தத்தில் அந்த ஆட்டத்தைப் பார்ப்போம். செப்டம்பரில் அந்தப் பறவையைச் சுடுவோம். ஒருமுறை நகரத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி என்னைக் கேட்டாள்.

"ரசிச்சுப் பார்த்துட்டு அதையே சுடுவீங்களா? மனசு வருமா?"

"வரும். வெண்ணெயில வெங்காயத்தோட வதக்கிச் சாப்பிடவும் வரும். என் தட்டுல இருக்கறது எங்க பொறந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த எடத்தை எவன் தொட்டாலும் விட மாட்டேன். உன் தட்டுல இருக்கறது எங்க பொறந்துச்சு, சொல்லு?"

அவள் கையில் கோழி சாண்ட்விச் வைத்திருந்தாள்.

கம்பத்தின் கதைக்கு வருகிறேன். எட்டு வருடங்களுக்கு முன்னால், படம் எடுக்கிறேன் என்று சிலர் வண்டியை நேராகக் களத்துக்குள்ளேயே ஓட்டிவந்து சேவல்களைக் கலைத்தார்கள். க்ளெல் அப்போது எங்கள் வேட்டைக் கழகத்தின் தலைவன். கோபத்தில் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டெலிபோன் கம்பெனி கழித்துப் போட்டிருந்த பழைய கம்பம் ஒன்றை இழுத்து வந்தான். அரசு நிலம் என்பதால் முறைப்படி அனுமதி வாங்கி, களத்தின் ஓரத்தில் நட்டான். அதில் அறைந்த பலகையில் எழுத்தைச் சூட்டுக்கோலால் சுட்டு எழுதினான்: 'இங்கே ஆட்டம் நடக்கிறது. வண்டியை நிறுத்து. வாயை மூடு.'

மரமே இல்லாத ஊர் எங்களுடையது. உயரமாக எதையாவது நட்டுவிட்டால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்க்கிறோம். கம்பத்தை நட்ட அன்று கழகம் முழுவதும் கைதட்டியது. நானும் தட்டினேன்.

வண்டிகள் நின்றன. ஆனால் அடுத்த வசந்தத்தில் சேவல்கள் குறைந்தன. அதற்கடுத்த வருடம் இன்னும் குறைந்தன. பிறகு களம் காலி. வறட்சி என்றோம், காக்கை என்றோம், நரி என்றோம், அரசாங்கம் என்றோம். எதுவும் கிடைக்காத நாளில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டோம். வெறும் களத்தைப் பார்த்த முதல் வருடமே க்ளெல் மாரடைப்பில் போய்விட்டான். அவன் சாம்பலைக் கம்பத்தடியில்தான் தூவினோம். அதிலிருந்து வேட்டைக் காலம் தொடங்கும் நாளெல்லாம் கழகத்துக்காரர்கள் அங்கே கூடி, துப்பாக்கிகளைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, வேரில் விஸ்கி ஊற்றுவார்கள். கம்பத்துக்கு ஏது வேர்? ஆனாலும் வேர் என்றுதான் சொல்வார்கள்.

மாநிலத்தில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து ஐந்து வசந்தம் ஒரு களத்தில் சேவல் ஆடவில்லையென்றால் அது செத்த களம். அதற்குப் பாதுகாப்பு கிடையாது. மலைச்சரிவில் குவாரி தோண்டியிருந்த ஜல்லிக் கம்பெனி இதற்காகத்தான் காத்திருந்தது. களத்தின் குறுக்கே லாரிப் பாதை போட்டால் அவர்களுக்குச் சுற்று மிச்சம். நான்கு வசந்தம் முடிந்திருந்தது.

போன வருடம் செப்டம்பரில் நான் பிஸ்கட்டோடு வேட்டைக்குப் போனேன். பிஸ்கட் என் நாய். மோப்பம் பிடித்தால் சிலையாக நிற்பாள், மற்ற நேரமெல்லாம் முட்டாள். களத்திலிருந்து வெகு தூரத்தில், மாடுகள் தண்ணீர் குடிக்கிற குட்டை ஓரத்தில் அவள் உறைந்து நின்றாள். புதரிலிருந்து ஒரு கூட்டமே எழுந்தது. கதவுகளைப் படபடவென்று அடித்துச் சாத்துவது போன்ற அந்தச் சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றைச் சுட்டேன். மற்றவை மேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மண்சாலை பிரிகிற இடத்தில் பறவைத்துறை ஒரு பீப்பாய் வைத்திருக்கும். சுட்ட ஒவ்வொரு பறவையிலிருந்தும் ஒரு சிறகை வெட்டி அதில் போட வேண்டும். சிறகைப் பார்த்தே சேவலா பெட்டையா, இளசா கிழடா என்று சொல்லிவிடுவார்கள். அன்று கொரின் ஆல்டஸ் அங்கே இருந்தாள். இந்த மாவட்டத்தில் பறவைகளை எண்ணுகிற அதிகாரி. முப்பது வயதுக்காரி, எப்போதும் தூக்கம் போதாத கண்கள்.

"இளசுங்க நிறைய இருக்கு நெட்ரா. இந்த வருஷம் குஞ்சு நல்லாப் பொழச்சிருக்கு" என்றாள்.

"அப்போ களத்துக்கு மட்டும் ஏன் வரல?"

அவள் பீப்பாய்க்குள் பார்த்தபடி, "அதை வசந்தத்துல நீங்களே போய்ப் பாருங்களேன்" என்றாள்.

அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. மார்ச்சில் உறைத்தது. விடிவதற்கு முன்பே வண்டியைப் புதர்களுக்குள் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். கிழக்கு வெளுக்கும்போது ஒற்றைச் சேவல் ஒன்று களத்தின் விளிம்புக்கு நடந்து வந்தது. கழுத்தை நீட்டியது. ஒரு காலை எடுத்துக் களத்துக்குள் வைத்தது. அப்படியே சட்டென்று தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. மூச்சுகூட விட்டதாகத் தெரியவில்லை.

நான் மேலே பார்த்தேன். க்ளெல்லின் கம்பத்து உச்சியில், பலகைக்கு நேர் மேலே, பொன்கழுகு ஒன்று உட்கார்ந்திருந்தது. அவசரமே இல்லை அதற்கு. தன் வீட்டு மாடியிலிருந்து தன் வீட்டு முற்றத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது.

கம்பத்தடியில் போய்ப் பார்த்தேன். எச்சம் சுண்ணாம்பு அடித்தது போல வழிந்திருந்தது. விஸ்கி ஊற்றிய மண்ணில், சாம்பல் தூவிய மண்ணில், இறகுகள்.

அங்கிருந்தே கொரினைப் போனில் கூப்பிட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"போன வருஷமே உங்க கழகத்து ராய்ஸ்கிட்ட சொன்னேன். கம்பம் கழகத்தோடது, அவங்க சம்மதிச்சா ஒரே நாள்ல எடுத்துரலாம். இல்லேன்னா நாங்க முறைப்படி எடுக்க வெயில்காலம் வந்துரும். அதுக்குள்ள அஞ்சாவது வசந்தம் முடிஞ்சிரும்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்க கணவர் நட்டது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ராய்ஸ் டாட்லாக், க்ளெல்லுக்குப் பிறகு கழகத்தின் தலைவன். தீவனக் கடை வைத்திருக்கிறான். க்ளெல்லோடு சேர்ந்து வளர்ந்தவன். எங்கள் கல்யாணத்தில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டு, குதிரை லாயத்தில் தேடி எடுத்து வந்தவன். கழகக் கூட்டம் அவன் கடையின் பின்னறையில், தீவன மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் நடக்கும்.

"கம்பத்தை எடுக்கணும்" என்றேன்.

"எந்தக் கம்பம்?"

"உங்க கழகத்துக்கு எத்தன கம்பம் இருக்கு ராய்ஸ்?"

"அது க்ளெல் ஞாபகமா நிக்குது, நெட்ரா."

"அவனை ஞாபகம் வச்சுக்க எனக்குக் கம்பம் வேணாம். அவன் விட்ட குறட்டையே போதும், இன்னும் காதுல கேக்குது."

சிலர் சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு மூட்டையிலிருந்து யாரோ, "கழுகு எல்லா எடத்துலயுந்தான் இருக்கு. அதுக்கு நாம என்ன பண்றது?" என்றார்.

"எல்லா எடத்துலயும் பறக்குது. உக்கார நாற்காலி போட்டுக் குடுத்தது நாமதான். ராய்ஸுக்கு இது ஒரு வருஷமாத் தெரியும். கேளுங்க அவனை."

ராய்ஸின் முகம் சிவந்தது. "யாரோ ஆபீஸ்காரி சொன்னான்னு க்ளெல்லோட கல்லறையை இடிக்கச் சொல்றியா? பேச்சை விடு. உச்சியில நீளமா ஆணி அடிச்சுருவோம். கழுகு உக்காராது. ரெண்டு பக்கத்துக்கும் நல்லது."

கை தூக்கினார்கள். என் கை மட்டும் கீழே இருந்தது.

ஆணி அடித்தார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால், கழுகு ஒரு முயலைக் கொண்டுவந்து அந்த ஆணிகளில் குத்தி நிறுத்திவிட்டு, நழுவும் கவலையில்லாமல் நிதானமாகக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. முன்பு நாற்காலி மட்டும் கொடுத்திருந்தோம். இப்போது முள்கரண்டியும் கொடுத்துவிட்டோம்.

அன்று மத்தியானமே க்ளெல்லின் மரம் அறுக்கும் மெஷினை வண்டியில் ஏற்றினேன். போகிற வழியில் தீவனக் கடை வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "கம்பத்தை அறுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திருட்டுத்தனமாகச் செய்தேன் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது.

நான் மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றி முடிப்பதற்குள் ராய்ஸ் புழுதி கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். இறங்கி ஓடிவந்து கம்பத்தைக் கட்டிக்கொண்டான். அறுபது வயது ஆள், தொப்பை இடிக்க.

"என்னையும் சேர்த்து அறு!"

"இடுப்புக்குக் கொஞ்சம் கீழ அறுக்கலாம்னு இருக்கேன். எது போனாலும் பரவாயில்லைன்னா நில்லு."

"ஷெரிஃபைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. வரும்போது டோனட் வாங்கிட்டு வரச் சொல்லு. காபி என்கிட்ட இருக்கு."

"க்ளெல் இருந்திருந்தா உன்னை இதைத் தொட விட்டிருக்க மாட்டான்!"

அது குத்தியது. மெஷினைக் கீழே வைத்தேன்.

"டேய் ராய்ஸ், என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அந்தச் சேவல் படுத்துக் கெடந்ததை க்ளெல் பார்த்திருந்தா என்ன பண்ணியிருப்பான்? என் கையிலேருந்து இந்த மெஷினைப் பிடுங்கி அவனே அறுத்திருப்பானா, மாட்டானா? சத்தியமா சொல்லு."

காற்று பலகையில் மோதி விசில் அடித்தது. ராய்ஸ் கம்பத்திலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் பிடி தளர்ந்துவிட்டது.

"நீ நெனைக்கறது தப்பா இருந்தா?" என்றான் மெதுவாக.

"தப்பா இருந்தா ஊர் என்னைப் பேசட்டும். இப்பவே பேசுது. ஆனா இந்தக் கம்பம் நிக்கற வரைக்கும் நின்னு, களம் செத்துப் போய், மேல லாரி ஓடுச்சுன்னு வை, டாகர்ட் களத்தைக் கொன்னவன் க்ளெல்னு ஆயிரும். நம்ம எல்லாரையும் விட இந்தக் கோழிங்க மேல உசுரா இருந்தவன் அவன். அந்தப் பேரை அவனுக்கு வாங்கிக் குடுக்க நான் விட மாட்டேன். நீ கட்டிப் பிடிச்சாலும் விட மாட்டேன்."

அவன் விலகி நின்றான். பலகையை மட்டும் கழற்றிக்கொள்ள வேண்டும் என்றான். ஏணி கொடுத்தேன். அவன் கழற்றி இறங்கியதும் மெஷினை இழுத்துக் கிளப்பினேன். தார் ஊறிய மரத்தூள் கறுப்பாகப் பறந்தது. கம்பம் முதலில் யோசித்தது. பிறகு ஒரு முனகலோடு களத்தின் ஓரமாக நீளவாக்கில் சாய்ந்தது. விழுந்த இடத்திலிருந்து புழுதி எழுந்து, காற்றில் கிழக்கே போயிற்று. அதில் க்ளெல்லும் கொஞ்சம் இருந்திருப்பான்.

மறுநாள் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துப் போடலாம் என்று நினைத்தேன். இரவே பனி கொட்டி வழி அடைத்துவிட்டது. பனி வடிந்தபோது ஆட்டக் காலம் நடுவில் இருந்தது; அந்த நேரத்தில் டிராக்டரை அங்கே கொண்டுபோக எனக்கு மனமில்லை. கம்பம் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

கழுகு ஒரு வாரம் வந்தது. உட்கார இடமில்லாத விருந்தாளி போல இரண்டு சுற்று சுற்றிவிட்டு மலைப்பக்கம் போயிற்று. பிறகு வரவில்லை. ஆனால் சேவலும் வரவில்லை. ஏப்ரல் கரைந்துகொண்டே போனது. காபிக் கடையில் தினமும் எவனாவது கேட்பான்.

"என்ன நெட்ரா, கோழி வந்துச்சா?"

"வந்தா உன்கிட்ட அனுமதி கேட்டுட்டு உள்ள போகச் சொல்றேன்."

இப்படிச் சொல்லிவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்து, ஏப்ரலில் மிச்சமிருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணுவேன். அதை யாருக்கும் காட்டவில்லை. ஜல்லிக் கம்பெனிக்காரர்கள் அதற்குள் பாதைக்குக் குச்சிகள் நட்டு, இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ரிப்பன்கள் களத்தின் விளிம்புவரை வந்து நின்றன. பிடுங்கி எறியலாம் என்று தோன்றியது. எறியவில்லை. அது அவர்கள் குச்சி. என் சண்டை என் கம்பத்தோடு மட்டும்தான்.

கொரின் அந்த வருடத்துக் கடைசி எண்ணிக்கைக்கு வந்த காலையில் நானும் அவள் வண்டியில் ஏறிக்கொண்டேன். களத்தைப் பார்த்தபடி இருளில் காத்திருந்தோம். பின்னால் ஒரு வண்டி விளக்கை அணைத்துக்கொண்டு வந்து நின்றது. ராய்ஸ் இறங்கி வந்து எங்கள் பின்சீட்டில் ஏறினான்.

"நீ தோக்கறதைப் பார்க்க வந்தேன்" என்றான்.

"டிக்கெட் கெடையாது. கதவைச் சத்தமில்லாமச் சாத்திட்டு உக்காரு."

ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி முதல் கோப்பையை எனக்கு நீட்டினான்.

வானம் வெளுத்தது. அப்போது அது வந்தது. மார்ச்சில் பார்த்த அதே சேவலோ வேறோ, தெரியாது. விளிம்பில் நின்றது. ஒரு காலை உள்ளே வைத்தது. நான் மூச்சைப் பிடித்தேன். அது வானத்தைப் பார்த்தது, இல்லாத கம்பத்தின் இடத்தைப் பார்த்தது. பிறகு நேரே களத்தின் நடுவுக்கு நடந்துபோய், வாலை விரித்து, மார்பை ஊதி, கொப்பளித்தது. எதிரே யாருமில்லாத பெருவெளியில், தன்னந்தனியாக, ஊரே திரண்டு பார்ப்பது போல ஆடியது.

கொரின் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "ஒண்ணு. நெட்ரா, ஒண்ணு போதாது. ரெண்டு சேவலாவது ஆடினாத்தான் உயிருள்ள களம்னு சொல்ல முடியும்."

எனக்குத் தெரியும். சூரியன் எழுந்துவிட்டது. எண்ணும் நேரம் முடிகிறது. சேவல் ஆடிக்கொண்டே இருந்தது.

பின்சீட்டிலிருந்து ராய்ஸ் தொண்டையைச் செருமினான். "நான் ரெண்டு பார்த்தேன்."

கொரின் திரும்பினாள். "எங்க?"

"அங்கதான். அந்தப் பக்கம். ரெண்டு. எழுதிக்கோ. நான் சாட்சி."

அவன் கண்கள் கலங்கியிருந்தன. பொய் என்று வண்டியில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. கொரின் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினால் போதும். களம் பிழைக்கும், க்ளெல்லின் பேர் பிழைக்கும்.

"நான் ஒண்ணுதான் பார்த்தேன்" என்றேன்.

"நெட்ரா!"

"அந்தக் கோழி அங்க தனியா நின்னு பொய் சொல்லாம ஆடிட்டிருக்கு. நான் இந்த வண்டிக்குள்ள உக்காந்துட்டுப் பொய் சொல்ல மாட்டேன். இந்த வருஷம் போச்சுன்னா போகட்டும். லாரி வந்தா முன்னாடி போய் நிக்கறேன். நிக்கறது எனக்குப் புதுசா?"

கொரின் தொலைநோக்கியை மடக்கக் கை நீட்டினாள். அந்த நேரத்தில்தான் களத்துக்குள் ஒரு பெட்டை வந்தது. எங்கிருந்தோ வந்து, எதுவும் பிடிக்காத அதே முகத்தோடு, விழுந்து கிடந்த கம்பத்தின் ஓரமாக நடந்தது.

கம்பத்துக்குப் பின்னால் எதுவோ அசைந்தது.

முதலில் வால் முட்கள் மேலெழுந்தன. பிறகு வெள்ளை மார்பு. கம்பத்தின் நிழலில் இவ்வளவு நேரமும் குனிந்து படுத்திருந்த இரண்டாவது சேவல் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, களத்துக்குள் வந்தது. பெட்டையைப் பார்த்தது. முதல் சேவலைப் பார்த்தது. ஊதிப் பெருத்துக் கொப்பளித்தது. இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு நின்று, சிறகால் ஒன்றையொன்று அறைந்துகொள்ளத் தொடங்கின.

ராய்ஸ் மூக்கை உறிஞ்சினான். "நான்தான் அப்பவே சொன்னேனே, ரெண்டுன்னு."

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. கொரின் இரண்டு என்று எழுதிக்கொண்டாள்.

ஜல்லிக் கம்பெனி இப்போது மேட்டைச் சுற்றித்தான் பாதை போடுகிறது. அவர்களுடைய மேனேஜர் பெட்ரோல் பங்கில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நான் ஒவ்வொரு தடவையும் சத்தமாகக் குட்மார்னிங் சொல்கிறேன்.

செப்டம்பர் வந்தது. வேட்டை தொடங்கும் நாளில் கழகம் கூடியது. டாகர்ட் களத்துக் கோழிகளை இன்னும் சில வருடங்களுக்குச் சுடுவதில்லை என்று ராய்ஸ் சொன்னான். யாரும் மறுக்கவில்லை. பலகையை ஒரு பாறையில், முழங்கால் உயரத்தில் பதித்திருந்தான். வாயை மூடு என்ற வரியைப் படிக்க இப்போது குனிய வேண்டும். எல்லோரும் கம்பத்தின் அடிக்கட்டையைச் சுற்றி நின்றோம். ராய்ஸ் விஸ்கியைத் திறந்தான். ஊற்றுவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான்.

பாட்டிலை வாங்கி ஒரு மடக்கு குடித்தேன். தொண்டை எரிந்தது. "மண்ணுக்கு ஊத்தினது போதும். அவனுக்கு அதிகமானா குறட்டை விடுவான்" என்று அடுத்தவன் கையில் கொடுத்தேன்.

அப்புறம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, பிஸ்கட்டை அழைத்துக்கொண்டு, களத்துக்கு வெகு தூரத்தில் இருக்கும் அந்த மாட்டுக் குட்டைப் பக்கம் நடந்தேன். சாயங்காலம் பீப்பாயில் போட என் பையில் ஒரு சிறகு இருந்தது. வெங்காயம் வீட்டில் இருந்தது.